மகனின் மேனேஜருக்கு 85,000 ரூபாய் கட்டலாமா?

கேள்வி: வியாசர்பாடியில் இட்லிக் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் காசிமேட்டில் மீன் ஏற்றி இறக்கும் வேலை. மகனுக்கு 20 வயது, சொந்தமாகக் கானா எழுதி மெட்டுப் போட்டுப் பாடுவான். இன்ஸ்டாகிராமில் அவன் பாட்டு ஒன்றை 2 லட்சம் பேர் பார்த்த பிறகு, வடபழனியில் ஆபீஸ் வைத்திருக்கும் ஒரு மேனேஜர் தேடி வந்தார். 5 வருட ஒப்பந்தம், வருமானத்தில் அவருக்கு 30 சதவீதம். போட்டோ ஆல்பம், பதிவுக் கட்டணம் என்று முதலில் 85,000 ரூபாய் கேட்கிறார். சம்பளம் அவர் கம்பெனிக் கணக்குக்கு வந்து பிறகுதான் எங்களுக்கு. பாட்டு உரிமை, யூடியூப் சேனல் எல்லாம் அவர்களுடையது. நடுவில் விலகினால் 5 லட்சம். டோக்கனாக 5,000 ஜிபே செய்துவிட்டோம். அடுத்த மாதம் சீட்டு எடுத்தால் 1 லட்சம் வரும், அது மகளின் காலேஜ் ஃபீஸ். அதிலிருந்து கொடுக்கலாமா? வேண்டாம் என்றால் மகன் முகம் கொடுத்துப் பேசமாட்டேன் என்கிறான்.

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. சீட்டுப் பணத்தில் கை வைக்காதீர்கள், கழுத்துச் சங்கிலியையும் அடகுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

மேனேஜர் என்பவர் கலைஞருக்கு வேலை பிடித்துத் தந்து, அந்தச் சம்பளத்தில் பங்கு எடுப்பவர். பொதுவாக 10 முதல் 20 சதவீதம் வரை. தம்பி சம்பாதித்தால்தான் தனக்கும் வருமானம் என்ற நிலையில் இருப்பவர் ஓடி ஓடி நிகழ்ச்சி பிடிப்பார். 85,000 முன்னாலேயே கைக்கு வந்துவிட்டால் அவர் ஏன் ஓட வேண்டும்? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் வருடம் தம்பி கச்சேரிகளில் 1,20,000 சம்பாதித்தான் என்று வைத்துக்கொள்வோம். 30 சதவீதம் போக மிச்சம் 84,000. வருடம் முழுக்கத் தொண்டை வறளப் பாடியும் நீங்கள் கட்டிய பணம்கூடத் திரும்பவில்லை.

ஆனால் என்னை அதிகம் பயமுறுத்துவது அந்த 85,000 இல்லை, பாட்டு உரிமையும் சேனலும்தான். எழுதியதும் மெட்டுப் போட்டதும் தம்பி. சட்டப்படி அந்த இரண்டுக்கும் முதல் சொந்தக்காரன் அவன்தான். சாவு வீட்டிலும் தெருமுனையிலும் பாடி வளர்ந்த கானாவைப் பல காலம் யாரும் காசாகப் பார்த்ததில்லை. அதனாலேயே நம் பிள்ளைகள் பாட்டை எழுதிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பது இன்றும் நடக்கிறது. 2012-ல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, பாட்டை எழுதியவரும் இசையமைத்தவரும் ஒலிப்பதிவுக்காக உரிமையை விற்றாலும் ராயல்டியில், அதாவது பாட்டைப் பயன்படுத்தும்போதெல்லாம் வரும் பணத்தில், அவர்களுக்குள்ள பங்கு போகாது. அதை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கினாலும் செல்லாது. இப்படி வரும் ராயல்டியை வசூலித்துத் தர ஐபிஆர்எஸ் என்ற சங்கம் இருக்கிறது. பாட்டு எழுதுபவரும் இசையமைப்பவரும் அதில் நேரடியாக உறுப்பினராகலாம், மேனேஜர் தயவு தேவையில்லை. இதை முதலில் தம்பியிடம் சொல்லுங்கள். அம்மா தடுக்கிறாள் என்ற கோபம் கொஞ்சம் தணியும்.

சேனல் தம்பியின் மெயில் ஐடியில்தான் இருக்க வேண்டும். பாஸ்வேர்டை யாருக்கும் தரக் கூடாது. ராயபுரத்திலிருந்து என்னிடம் வந்த ஒரு குடும்பத்தில், மகள் ஆடிய வீடியோக்கள் எல்லாம் மேனேஜர் திறந்த சேனலில் இருந்தன. உறவு முறிந்த அன்று அந்தப் பெண்ணின் மூன்று வருட உழைப்பு அவர் பக்கம் நின்றுவிட்டது. ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. அதைப் படித்தபோது எனக்கு இருந்த ஆற்றாமை இன்னும் போகவில்லை.

சம்பளம் கம்பெனிக் கணக்குக்குப் போவதிலும் ஒரு சிக்கல் உண்டு. கலைஞர்களுக்குப் பெரிய தொகை தருபவர்கள் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது கொடுக்கும்போதே கழிக்கும் வருமான வரி, பிடிப்பார்கள். பணம் கம்பெனிக்குப் போனால் அந்த வரி கம்பெனியின் பான் எண்ணில் பதியும். நாளைக்கு தம்பி வங்கியில் கடன் கேட்டால், சம்பாதித்ததற்குக் காட்ட ஒரு காகிதம் இருக்காது. பணம் தம்பி கணக்குக்கு வரட்டும், மேனேஜர் பில் கொடுத்து கமிஷன் வாங்கிக்கொள்ளட்டும். இதற்குச் சம்மதிக்காதவரோடு பேச்சை வளர்க்க வேண்டாம்.

விலகினால் 5 லட்சம் என்ற வரி மிரட்டலுக்காகப் போடுவது. எழுதியிருக்கிறது என்பதற்காக முழுத் தொகையும் கட்ட வேண்டியதில்லை. 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவுப்படி, அந்தத் தொகைக்கு மிகாமல் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். இருந்தாலும் கோர்ட் வாசலில் நின்று அதை நிரூபிக்கும் நிலைக்கு நீங்கள் ஏன் போக வேண்டும்?

பதிவுக் கட்டணம் என்றால் எதில் பதிவு என்று கேளுங்கள். யூனியன் கார்டு என்று சொன்னால், அந்தச் சங்கத்துக்கே நேரில் போய் விசாரியுங்கள். அவர் கையாளும் கலைஞர்கள் மூன்று பேரின் பெயரைக் கேட்டு, அவர் மூலமாக இல்லாமல் நீங்களே பேசுங்கள். ஜிஎஸ்டி எண் கொடுத்தால் அரசு தளத்தில் சரிபார்க்கலாம். ஆனால் எண் உண்மை என்பதால் ஆளும் உண்மை என்று ஆகிவிடாது.

கொடுத்த 5,000-ஐத் திருப்பிக் கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதுங்கள், போனில் பேசி விட்டுவிடாதீர்கள். ஜிபே ரசீதையும் அவர் அனுப்பிய மெசேஜையும் அழிக்காதீர்கள். வேலை வாங்கித் தருவதாக ஏமாற்றியிருந்தால் போலீசில் புகார் கொடுக்கலாம்.

அப்புறம், ஒரு வக்கீல் படிக்காமல் தம்பி எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். அதற்குச் செலவும் ஆகாது. பாரிமுனையில் உயர் நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். கடைக்கு ஒரு காலை லீவு விட்டு, ஒப்பந்தத் தாளோடு தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் சொன்னால் கேட்காததை அங்கே இருப்பவர் சொன்னால் கேட்பான்.

தம்பிக்கு ஒன்றுமே செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2 லட்சம் பேர் கேட்ட குரல் அது. கடை வருமானத்தில் மாதம் கொஞ்சம் எடுத்து வைத்து, 15,000 சேர்ந்ததும் ஒரு பாட்டை நல்ல ஸ்டுடியோவில் பதிவு செய்து அவன் சேனலிலேயே போடச் சொல்லுங்கள். அதற்கு மேல் ஒரு ரூபாயும் போக வேண்டாம். மகளின் ஃபீஸை அடுத்த மாதம் சீட்டு வந்த அன்றே காலேஜில் கட்டிவிடுங்கள், கையில் இருந்தால் யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.