‘வாஷ்’ என்ற ஒரு வினையும் நம் பல வினைகளும்: கேள்வி பதில்

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து, ‘வாஷ்’ என்ற ஆங்கில வினையையும் அதன் உறவுச் சொற்களையும் பற்றி வந்த கேள்விகளுக்கு, முப்பது ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையில் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (தொண்டி, கல்லூரி மாணவி): ஐயா, கழுவு, துவை, விளக்கு, களை என்று தமிழில் இத்தனை சொற்கள் இருக்க, ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ‘வாஷ்’ என்றே எழுதுகிறோம். ஆங்கிலத்தில் வேறு சொல்லே கிடையாதா?

பதில்: உண்டு, ஆனால் அவை வேறு கணக்கில் பிரிந்து நிற்கின்றன. நாம் கையைக் கழுவுகிறோம், துணியைத் துவைக்கிறோம், பாத்திரத்தை விளக்குகிறோம், அரிசியைக் களைகிறோம். எதைச் சுத்தம் செய்கிறோம் என்பதே தமிழில் பெரும்பாலும் வினையைத் தேர்ந்துகொள்கிறது. ‘அரிசியைத் துவைத்துவிட்டேன்’ என்று ஒரு பெண் சொன்னால், உலை வைத்திருக்கும் மாமியார் எழுந்து வந்து பார்ப்பார். ஆங்கிலக்காரருக்கு இந்த நான்கு இடத்திலும் ‘வாஷ்’ போதும். அவர்கள் தனிச்சொல் தேடுவது, எப்படிச் சுத்தம் செய்கிறோம் என்பதற்குத்தான். தூரிகை போட்டு அழுத்தித் தேய்த்தால் ‘ஸ்கிரப்’. அடிப்பிடித்த சட்டியைக் கம்பி நாரால் சுரண்டித் தேய்த்தால் ‘ஸ்கௌர்’. வெறும் நீரில் அலசினால் ‘ரின்ஸ்’. பீய்ச்சும் நீரால் குழாயையோ கண்ணில் விழுந்த தூசியையோ அடித்து வெளியேற்றினால் ‘ஃப்ளஷ்’. ‘க்ளென்ஸ்’ என்ற சொல் காயத்துக்கும் முகத்துக்கும் மனத்துக்கும் உரியது. தட்டுக்கு அதைப் போட்டால் தட்டுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததுபோல் இருக்கும். ஆகவே தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது ‘எதை’ என்ற கேள்வியை விட்டுவிட்டு ‘எப்படி’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். ‘வாஷ்’ என்பது பழைய ஆங்கிலத்திலிருந்தே வழங்கும் சொல். தண்ணீரைக் குறிக்கும் ‘வாட்டர்’ என்ற சொல்லோடு ஒரே வேரில் பிறந்தது. எங்கும் பொருந்திப்போகும் அதன் இயல்பு அந்த வேரிலிருந்தே வந்தது என்பது என் எண்ணம்.

கேள்வி (மண்டபம், மீன் பதப்படுத்தும் கூடத்தின் மேற்பார்வையாளர்): எங்கள் அறிவிப்புப் பலகையில் ஓரிடத்தில் ‘வாஷ்’ என்றும் இன்னோரிடத்தில் ‘ரின்ஸ்’ என்றும் இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானே, ஏதாவது ஒன்றை அழித்துவிடலாமா?

பதில்: அழித்துவிடாதீர்கள், தம்பி. ‘வாஷ்’ அழுக்கைப் போக்கும் முழு வேலை. ‘ரின்ஸ்’ அதன் கடைசிக் கட்டம், அதாவது சோப்பையோ உப்பையோ இரத்தத்தையோ நல்ல நீர் விட்டு அகற்றுவது. குடல் எடுத்த மீனை நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசுவது ‘ரின்ஸ்’. அதை வெட்டிய பலகையையும் கத்தியையும் சோப்புப் போட்டுத் தேய்ப்பது ‘வாஷ்’. இந்த வேறுபாடு நம் கடற்கரைக்காரருக்கு எளிதில் விளங்கும். ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. அவற்றில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து பிசுக்காகத் திரண்டுவிடுவதால் நுரை எழுவதில்லை. கடலில் குளித்து ஏறியவர், ஒரு வாளி நல்ல தண்ணீரை எதற்காகத் தேடி ஓடுகிறாரோ, அதற்குப் பெயர்தான் ‘ரின்ஸ்’. நம் ‘அலசு’ இதற்கு மிக நெருங்கிய சொல். ஆனால் ‘பிரச்சினையை அலசினோம்’ என்று நாம் சொல்வதற்கு ‘ரின்ஸ்’ உதவாது. அங்கே ‘அனலைஸ்’ அல்லது ‘டிஸ்கஸ்’ என்று எழுத வேண்டும்.

கேள்வி (ராமேசுவரம், சுற்றுலா வழிகாட்டி): வெளிநாட்டுப் பயணிகளிடம் தீர்த்தமாடுவதை ‘வாஷிங்’ என்று சொன்னேன், அவர்கள் சோப்புக் கொண்டுவர வேண்டுமா என்று கேட்டுவிட்டார்கள்.

பதில்: அவர்கள் கேட்டதில் தவறில்லை. அக்னி தீர்த்தக் கடலில் முழுகிவிட்டுக் கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் வாளியால் நீர் இறைத்து ஊற்றிக்கொள்வது அழுக்குப் போக்கும் வேலை அன்று. ‘ரிச்சுவல் பாத்’ என்று சொல்லுங்கள். கடலில் முழுகுவதை மட்டும் குறிக்க ‘ஹோலி டிப்’ என்ற இந்திய வழக்கு இருக்கிறது, அதுவும் விளங்கும். வினையாக வேண்டுமென்றால் ‘பேத்’ என்று நெடிலாக ஒலிக்கும் சொல்லைப் பயன்படுத்துங்கள். அதில் ஓர் எச்சரிக்கை உண்டு. பிரிட்டன்காரருக்கு ‘பேத்’ என்றால் கடலிலோ ஆற்றிலோ நீராடுவது. அமெரிக்கருக்கு வீட்டுக் குளியல் தொட்டியில் குளிப்பதும் அதுதான். பிரிட்டனில் குழந்தையைக் குளிப்பாட்டுவதற்கு ‘பாத்’ என்பதையே வினையாக்கிக்கொள்வார்கள்.

கேள்வி (கீழக்கரை): தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவி ஒளுச் செய்வதை எப்படி எழுதுவது?

பதில்: ‘பெர்ஃபார்ம் அப்லூஷன்’ என்பது பொருத்தம், கழுவிப் போக்குதல் என்ற பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் அது. அரபுச் சொல்லையே வைத்து ‘வுளு’ என்று எழுதினாலும் இன்று ஆங்கில வாசகருக்குப் புரியும்.

கேள்வி (பாம்பன், செய்தி எழுதிப் பழகும் இளைஞர்): ‘வாஷ்ட் அவே’, ‘வாஷ்ட் அஷோர்’, ‘வாஷ்ட் அப்’, ‘வாஷ்ட் அவுட்’ ஆகிய நான்கிலும் குழம்புகிறேன்.

பதில்: நம் ஊர்க்காரர் இவற்றைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில், பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனதே, அது ‘வாஷ்ட் அவே’. நீர் அடித்துக்கொண்டு போய்விட்டது, பொருள் இருந்த இடத்தில் இல்லை என்பது இதன் கருத்து. ‘ஸ்வெப்ட் அவே’ என்றும் எழுதலாம். அதில் வேகம் தூக்கலாகத் தெரியும், அடித்துச் சென்றது காற்றாகவும் இருக்கலாம். ‘வாஷ்ட் அவே’ என்றால் நீர் மட்டுமே. இதற்கு எதிர்த்திசையில் வருவது ‘வாஷ்ட் அஷோர்’: இறந்த கடல்பசுவோ ஆமையோ கரை ஒதுங்கினால் அப்படி எழுதுங்கள். பொருளுக்கு ‘வாஷ்ட் அப்’ என்றாலும் அதே பொருள்தான், ஆனால் ஆளுக்கு அதைப் போட்டுவிடாதீர்கள். ‘வாஷ்ட் அப் நடிகர்’ என்றால் காலம் போன, இனி எடுபடாத நடிகர் என்று ஆகிவிடும். வெள்ளத்தில் அரிக்கப்பட்ட சாலையும் மழையால் நின்ற கிரிக்கெட் ஆட்டமும் ‘வாஷ்ட் அவுட்’.

கேள்வி (தேவிபட்டினம்): துணி வெளுக்கும் ‘லாண்டர்’ எப்படிப் பணத்துக்குப் போனது?

பதில்: ‘லாண்டர்’ என்பதில் துவைப்பதோடு இஸ்திரி போட்டு மடித்துத் தருவதும் அடங்கும், நம் ‘சலவை’யைப் போலவே. அழுக்காகப் போனது வெள்ளையாகத் திரும்பி வருகிறது அல்லவா? முறைகேடான பணத்தைக் கணக்கில் வந்த பணம்போல் காட்டுவதற்கு அந்த உவமையை எடுத்துக்கொண்டு ‘மனி லாண்டரிங்’ என்றார்கள். 1970களில் அமெரிக்காவின் வாட்டர்கேட் என்ற அரசியல் ஊழல் விவகாரத்தின்போது அது பரவலாயிற்று. நம் நாட்டில் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே அந்தச் சொல் இருக்கிறது. ‘கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவது’ என்று நம்மவர் சொல்வதை நான் இன்னும் உயர்வாக நினைக்கிறேன். அதற்கு வண்ணான்துறை தேவைப்படவில்லை.

கேள்வி (ராமநாதபுரம், இல்லத்தரசி): ‘ஹெட் பாத்’ என்று எழுதியதற்கு என் மகளின் ஆசிரியை சிவப்பு மை போட்டுவிட்டார்.

பதில்: மகள் எழுதியது தெளிவான இந்திய ஆங்கிலம்தான், அம்மா. ஆனாலும் தேர்வுத் தாளில் ‘தலைக்குக் குளித்தேன்’ என்பதற்கு ‘ஐ வாஷ்ட் மை ஹேர்’ என்றே எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி (திருப்புல்லாணி): ‘கை கழுவிவிட்டான்’ என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லலாமா?

பதில்: சொல்லலாம். விவிலியத்தில், இயேசுவை விசாரித்த ரோம ஆளுநர் பிலாத்து கூட்டத்தின் முன்னே தண்ணீர் எடுத்துக் கைகளைக் கழுவி, இந்த இரத்தப் பழியில் தனக்குப் பங்கில்லை என்று சொன்னான். ‘வாஷ் ஹிஸ் ஹேண்ட்ஸ் ஆஃப்’ என்ற ஆங்கில மரபுத்தொடர் அங்கிருந்து வந்தது. பொறுப்பைத் தட்டிக்கழிப்பதுதான் அதன் பொருள். உறவையே அறுத்துக்கொள்ளும்போது நாம் ‘அவனைத் தலைமுழுகிவிட்டேன்’ என்கிறோம். இழவுக்குப் போய்வந்து தலைமுழுகும் வழக்கம் அதன் பின்னால் இருக்கிறது. அந்தக் கனம் ‘வாஷ்’ என்ற வினைக்கு இல்லை. அவ்விடத்தில் ‘ஹி இஸ் டெட் டு மீ’ என்று எழுதுங்கள்.