பரணில் இருக்கும் அப்பாவின் கடிதங்களை என்ன செய்வது?

கேள்வி: என் அப்பா தமிழாசிரியர், சிறுகதை எழுத்தாளர். சென்ற ஆண்டு காலமானார். கடிதங்கள், டைரிகள், கையெழுத்துப் படிகள் என்று மூன்று ட்ரங்குப் பெட்டிகள் பரணில் இருக்கின்றன. வீட்டை விற்கப் போகிறோம். தரம் பிரித்து, நல்லதை மட்டும் நூலகத்துக்குக் கொடுக்கலாமா? – கும்பகோணம் வாசகி

கொடுக்கலாம். ஆனால் தரம் பிரிக்காதீர்கள். என்னைப் போன்ற ஆவணக்காப்பாளர்களுக்கு வயிற்றைக் கலக்குவது கரையான்கூட இல்லை, வீட்டார் செய்யும் இந்த 'ஒழுங்குபடுத்தல்'தான்.

ஒரு வீட்டில் இன்லண்ட் கடிதம் ஒன்றைப் பார்த்தேன். உள்ளே தேதியே இல்லை. முகவரிப் பக்கத்தில் இருந்த தபால் முத்திரைதான் ஆண்டைச் சொன்னது. அதோடு சேர்த்துக் கட்டியிருந்த மளிகைச் சீட்டின் பின்பக்கத்தில், அதற்கு எழுதிய பதிலின் நகல் பென்சிலில் இருந்தது. மளிகைச் சீட்டு குப்பை என்று எடுத்திருந்தால் பதில் போயிருக்கும். கட்டைப் பிரித்திருந்தால் எந்தக் கடிதத்துக்குப் பதில் என்பதும் போயிருக்கும். அப்பா எதை எதோடு வைத்தாரோ, அது அப்படியே இருக்கட்டும். உறைகளையும் விடாதீர்கள்.

கோட்டையூர் ரோஜா முத்தையா புத்தகங்களோடு நாடக நோட்டீசையும் கல்யாணப் பத்திரிகையையும்கூடச் சேர்த்தவர். அவர் 1992இல் மறைந்தபின் அந்தச் சேகரிப்புதான் 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமானது. உ.வே.சா. தமக்கு வந்த கடிதங்களைப் பத்திரப்படுத்தியதால்தான் 1877 தொடங்கி வந்தவற்றை இன்று அச்சில் படிக்க முடிகிறது.

சரி, இப்போதைக்குச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கைபடும் முன் ஒவ்வொரு பெட்டியையும் திறந்தபடி போட்டோ எடுங்கள். ரப்பர் பேண்டை எடுத்துவிட்டு வெள்ளைப் பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டுங்கள். பாவாடை நாடாவே போதும். துருவேறிய குண்டூசி தாளோடு ஒட்டியிருந்தால் பிடுங்காதீர்கள். செலோடேப் வேண்டாம், அதன் பசை பழுப்பேறித் தாளைக் கெடுக்கும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம், போட்டால் தாளை மீட்க முடியாது. ராமபாணப் பூச்சி அரித்த கட்டு இருந்தால் தனியே வையுங்கள். அப்புறம், பெட்டிக்கு ஒரு தாளில் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். அதை நூலகத்துக்கு அனுப்பிக் கேட்டுவிட்டு மற்றதைப் பேசலாம். எல்லா நூலகமும் எல்லாவற்றையும் ஏற்பதில்லை.

உரிமை விஷயத்தில்தான் பலரும் குழம்புகிறார்கள். தாள் வேறு, பதிப்புரிமை வேறு. அப்பா எழுதியவற்றின் பதிப்புரிமை, அவர் உயிலிலோ ஒப்பந்தத்திலோ வேறு யாருக்கும் கொடுக்காதவரை, வாரிசுகளான உங்களுடையது. அவர் இருந்தபோதே வெளியானவற்றுக்கு அது அவர் மறைந்த ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகள் நீடிக்கும். அச்சேறாதவற்றுக்கு, அவை முதலில் வெளியாகும் ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகள். அப்பாவுக்கு வந்த கடிதங்களோ தலைகீழ். தாள் உங்களுடையது, வாசகம் எழுதியவருடையது. நூலகத்துக்குத் தாராளமாகத் தரலாம், ஆனால் எழுதியவர்களையோ அவர்கள் வாரிசுகளையோ கேட்காமல் புத்தகமாகப் போட முடியாது. நூலகத்துக்குக் கொடுத்தால் நாட்டுடைமை ஆகிவிடுமோ என்றும் சிலர் பயப்படுகிறார்கள். அது அரசு தனியாகச் செய்வது, இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

டைரியில் குடும்பச் சண்டை இருக்கிறதா? கிழிக்காதீர்கள். இத்தனை ஆண்டு யாருக்கும் காட்டக் கூடாது என்று கொடைப் பத்திரத்தில் நிபந்தனை எழுதலாம். வாய்ப்பேச்சாக விடாமல் இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு ஒரு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அலமாரிப் புத்தகங்களைப் பழைய புத்தகக் கடைக்குப் போடும் எண்ணம் இருந்தால், ஒவ்வொன்றையும் ஒருமுறை புரட்டிவிட்டுப் போடுங்கள். பாதிக் கடிதங்கள் பக்க அடையாளமாக அங்கேதான் செருகியிருக்கும்.