கறிவேப்பிலைப் புழு ஏன் செத்தது?

கேள்வி: கறிவேப்பிலைச் செடியில் கிடைத்த புழுவை என் ஐந்து வயது மகள் டப்பாவில் வளர்த்தாள். மூன்றே நாளில் செத்துவிட்டது. எங்கே தவறு?

பதில்: பெரும்பாலும் ஈரம்தான் காரணம். மூடிய டப்பா வேர்த்து, எச்சத்தில் பூஞ்சை பிடிக்கும். அகலவாய் பாட்டிலில் காகிதம் விரித்து, வாயைக் கொசுவலைத் துணியால் கட்டுங்கள். காகிதத்தையும் இலையையும் தினமும் மாற்றுங்கள். கடைக் கறிவேப்பிலை வேண்டவே வேண்டாம், பூச்சிமருந்து இருக்கலாம். புழுவை இலையோடு நகர்த்துங்கள்.

பறவை எச்சம் போலிருக்கும் புழு, கடைசியாகத் தோலுரிக்கும்போது பச்சையாகிவிடும். அப்போது துடைப்பக் குச்சி நுனியால் மெல்லத் தொட்டால், தலைக்குப் பின்னால் சிவந்த இரட்டைக் கொம்பு நீண்டு நாற்றமடிக்கும். மகளுக்கு அவசியம் காட்டுங்கள், அருமையான காட்சி!

சாய்வாக ஒரு குச்சி கட்டாயம். கூட்டுப்புழு அதில் ஒட்டிக்கொள்ளும். வெளிவரும் வண்ணத்துப்பூச்சி தொங்க இடமில்லாவிட்டால், சிறகு சுருங்கியபடியே காய்ந்துவிடும்.