3 சர்வரில் ப்ராக்ஸ்மாக்ஸ், செஃப்: சின்ன அலுவலகத்துக்கு என்ன வாங்குவது?

நீங்கள் கேட்டது இது: 25 பேர் வேலை செய்யும் அலுவலகம், இப்போதைய விர்ச்சுவல் மெஷின் மென்பொருளின் லைசென்ஸ் விலை கட்டுப்படியாகவில்லை, அதனால் 3 சர்வர் வாங்கி ப்ராக்ஸ்மாக்ஸும் (ஒரே சர்வரில் பல விர்ச்சுவல் மெஷின்களை, அதாவது விஎம்களை, ஓட்டும் மென்பொருள்) செஃபும் (பல சர்வரின் டிஸ்க்குகளை ஒரே சேமிப்பாக இணைக்கும் மென்பொருள்) போடப் பார்க்கிறீர்கள். ஒவ்வொன்றிலும் 64 ஜிபி ரேம், 4 டிபி என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி வகை) டிஸ்க் இரண்டு, நடுவில் ஒரு 10 கிகாபிட் சுவிட்ச். விஎம் எல்லாம் சேர்த்து 110 ஜிபி ரேம் கேட்கும், டேட்டா 4 டிபி. போதுமா?

எல்லாம் ஒழுங்காக ஓடும்வரை போதும். ஒரு டிஸ்க் போனால் அன்றைக்கே மாட்டிக்கொள்வீர்கள். எப்படி என்று கணக்கோடு சொல்கிறேன்.

செஃப் எல்லா டேட்டாவையும் 3 பிரதி வைக்கும், சர்வருக்கு ஒன்று. மொத்தம் 24 டிபி வாங்கினால் 8 டிபி உங்களுக்கு, நம்மிடம் இருப்பதோ 4 டிபி, பாதிதானே என்று தோன்றும். ஆனால் ஒரு சர்வரில் ஒரு டிஸ்க் செத்தால் என்ன ஆகும்? ஒரே சர்வரில் இரண்டு பிரதி வைக்கக்கூடாது என்பது விதி, மற்ற இரண்டு சர்வரிலும் ஏற்கெனவே ஒவ்வொரு பிரதி இருக்கிறது, ஆகவே செத்த டிஸ்க்கில் இருந்ததை அதே சர்வரில் மிச்சமிருக்கும் டிஸ்க்கில்தான் செஃப் திரும்பக் கட்டும். 4 டிபி டேட்டா, மிச்சம் ஒரே ஒரு 4 டிபி டிஸ்க். கொள்ளாது.

இது எனக்கே நடந்தது. அப்போது நான் சிங்கப்பூரில் உபி (Ubi) வட்டாரத்தில் ஒரு சின்ன சரக்கு கம்பெனியில் இருந்தேன், சரியாக இதே அமைப்பு, சர்வருக்கு இரண்டு டிஸ்க், 48 சதவீதம் நிரம்பியிருந்தது. தீபாவளியோடு சேர்ந்த நீண்ட வார இறுதி. சனிக்கிழமை இரவு ஒரு டிஸ்க் போனது. 10 நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு செஃப் அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டுப் பக்கத்து டிஸ்க்கில் நிரப்ப ஆரம்பித்தது. 85 சதவீதத்தில் எச்சரிக்கை வந்தது, யாரும் பார்க்கவில்லை. 90இல் நிரப்புவதை அதுவாகவே நிறுத்திக்கொண்டது, ஆனால் விஎம்கள் எழுதுவதை நிறுத்தவில்லையே, கொஞ்சம் கொஞ்சமாக ஏறி 95ஐத் தொட்டதும் டிஸ்க்கில் எழுதுவதே மொத்தமாக நின்றுபோனது. ஒரு டிஸ்க் போனதற்கு மூன்று சர்வரும் நின்றன. வீட்டில் முறுக்குத் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு லேப்டாப்பில் அந்த வரம்பை 97க்கு ஏற்றி, பழைய டெஸ்ட் விஎம்களை அழித்து, எப்படியோ உயிர் வரவைத்தேன். புது டிஸ்க் கைக்கு வர செவ்வாய் ஆகிவிட்டது, அதுவரை சரியாகத் தூங்கவில்லை.

ஆகவே அதே கொள்ளளவைச் சின்ன டிஸ்க்காகப் பிரித்து வாங்குங்கள். சர்வருக்கு 1.92 டிபி டிஸ்க் நான்கு போட்டால் 7.68 டிபி. ஒன்று போனாலும் மிச்சம் 5.76, அதில் 4 டிபி என்பது ஏறக்குறைய 70 சதவீதம், மூச்சு விடலாம். டேட்டா வளரும் என்றால் ஆறாகப் போடுங்கள். எட்டோ பத்தோ டிஸ்க் இடம் உள்ள சர்வராகவே பார்த்து வாங்கி, பாதியைக் காலியாக வைத்திருங்கள்.

அடுத்தது எந்த மாதிரி டிஸ்க். சிம் லிம் ஸ்குவேர் கம்ப்யூட்டர் கடைகளில் கிடைக்கிற கேமிங் என்விஎம்இயின் பெட்டியில் நொடிக்கு 7,000 எம்பி என்று போட்டிருப்பார்கள், அந்த எண் இங்கே உதவாது. செஃப் ஒவ்வொரு முறை எழுதும்போதும் "உண்மையிலேயே எழுதிவிட்டாயா" என்று டிஸ்க்கைக் கேட்டு, பதில் வந்த பிறகுதான் அடுத்ததுக்குப் போகும். மின்சாரம் போனாலும் கையில் இருப்பதை எழுதி முடிக்கிற பாதுகாப்பு உள்ள டிஸ்க் உடனே "ஆச்சு" என்று சொல்லிவிடும், அது இல்லாத டிஸ்க் உள்ளே போய் எழுதி முடித்த பிறகே சொல்லும். மூடியைத் திறந்து பார்த்தால் தெரியும், சர்வர் டிஸ்க்கில் ஓரமாகக் கெப்பாசிட்டர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும், அந்தப் பாதுகாப்பு அதிலிருந்துதான் வருகிறது. வாங்கும் முன் ஒரே ஒரு டிஸ்க்கைக் கடன் வாங்கி ஃபியோவில் (fio, டிஸ்க் வேகத்தை அளக்கும் கருவி) 4 கேபி, சிங்க் ரைட் (ஒவ்வொன்றும் எழுதி முடிந்ததை உறுதிசெய்வது), க்யூ ஆழம் 1 (ஒரு நேரத்தில் ஒன்று மட்டும்) என்று வைத்து ஓட்டிப் பாருங்கள். சாதாரண டிஸ்க் நொடிக்குச் சில நூறு முறை எழுதும், மிஞ்சினால் ஓரிரு ஆயிரத்தில் நிற்கும், சர்வர் டிஸ்க் பல்லாயிரம் போகும். ரெய்டு கார்டு (பல டிஸ்க்கை ஒன்றாக்கிக் காட்டும் கார்டு) வேண்டாம், செஃப் டிஸ்க்கை நேராகப் பார்க்க வேண்டும்.

ரேம் 64 போதாது. ஒரு சர்வர் விழுந்தால் எல்லா விஎம்மும் மிச்சம் இரண்டில் உட்கார வேண்டும், அதோடு செஃப் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் 4 ஜிபி வழக்கமாக எடுக்கும், சரிசெய்யும் நேரத்தில் அதைத் தாண்டும். அதனால் டிஸ்க்குக்கு 5 என்று வைத்து நான்கு டிஸ்க்குக்கு 20, ப்ராக்ஸ்மாக்ஸுக்கு ஒரு 8 என்று தள்ளினால் 64இல் மிஞ்சுவது 36, இரண்டு சர்வருக்கு 72. உங்களுக்கோ 110 வேண்டும். 128 போடுங்கள்.

சிபியூவில் கோர் எண்ணிக்கையைவிட வேகம் முக்கியம். விண்டோஸ் சர்வர் ஓட்டுவீர்கள் என்றால் லைசென்ஸ் கோர் கணக்கில்தான், குறைந்தது 16, அதுவும் அந்த விஎம் நகரக்கூடிய ஒவ்வொரு சர்வருக்கும். 32 கோர் மலிவாகக் கிடைக்கிறது என்று எடுத்தால் லைசென்ஸில் இரண்டு மடங்கு கொடுப்பீர்கள்.

நெட்வொர்க்குக்கு அந்த 10 கிகாபிட் சுவிட்ச் வேண்டாம் என்பேன். அந்தப் பணத்தில் சர்வருக்கு ஒரு இரட்டை போர்ட் 25 கிகாபிட் கார்டு எடுத்து, 3 சர்வரையும் 3 டேக் (DAC, இரு முனையிலும் பிளக் உள்ள செப்பு) கேபிளால் ஒன்றோடொன்று நேராகக் கட்டிவிடுங்கள். சுவிட்ச் போனால் எல்லாம் போகும் என்ற பயம் இல்லை. கோரோசிங்க் (சர்வர்கள் ஒன்றையொன்று உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும் பகுதி) மட்டும் தனியாக ஒரு 1 கிகாபிட் வழியில் போகட்டும், மாற்று வழியாக இன்னொன்றையும் காட்டிவிடுங்கள். செஃப் டேட்டாவை நகர்த்தும்போது அதே கம்பியில் கோரோசிங்கும் இருந்தால் செய்தி தாமதமாகி, ஹெச்ஏ (ஒரு சர்வர் விழுந்தால் அதன் விஎம்களை வேறு சர்வரில் தானாகவே ஓட்டும் வசதி) போட்டிருந்தால் நல்ல சர்வரே தன்னைத்தானே ரீபூட் செய்துகொள்ளும்.

அப்புறம் நம் சிங்கப்பூர் விஷயம். நிறைய கட்டடங்களில் ஏர்கான் மாலையில் நின்றுவிடும், ஞாயிறு முழுக்க இருக்காது. மூன்று சர்வரும் தலா 250 வாட் இழுத்தால் 750 வாட், ஜன்னல் இல்லாத ஸ்டோர் ரூமில் இஸ்திரிப் பெட்டியை இரவு பகலாகப் போட்டு வைத்த மாதிரி. அந்த அறைக்குத் தனி ஏர்கான் கிடைக்குமா என்று நிர்வாகத்திடம் இப்போதே கேளுங்கள், சர்வர் வந்து இறங்கிய பிறகு கேட்டால் நாளாகும்.

பேக்கப்புக்கு ஒரு தனிப் பெட்டி கட்டாயம் வேண்டும், ஏனென்றால் யாராவது ஒரு விஎம்மை அழித்தால் 3 பிரதியும் ஒன்றாகத்தான் அழியும்.

எல்லாம் வந்து சேர்ந்ததும் உண்மையான விஎம்களை ஏற்றும் முன் ஒரு வாரம் கேட்டு வாங்குங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிஸ்க்கை உருவுங்கள், அது அடங்கியதும் ஒரு சர்வரின் பவர் கேபிளைப் பிடுங்குங்கள், எவ்வளவு நேரத்தில் மீள்கிறது என்று எழுதி வையுங்கள். கடைக்காரர் கொட்டேஷன் கொடுத்ததும் டிஸ்க்கின் மாடல் எண்ணை மட்டும் கீழே போடுங்கள், அந்தப் பாதுகாப்பு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.