மொபைல் ஹோம் பார்க்: விலை பேசறதுக்கு முன்னாடி சிட்டி ஹால் ஃபைலைப் பாருங்க (வாசகர் கேள்வி-பதில்)

அமெரிக்கால இருக்கற நம்மாளுங்க கிட்ட இருந்து மொபைல் ஹோம் பார்க் பத்தி நெறைய கேள்வி வந்திருக்கு, ஒரே மாதிரி இருந்ததை எல்லாம் சேத்து எழுதிருக்கேன். நான் லேண்ட் யூஸ் பிளானிங்ல இருக்கறவன், அதனால என் கண்ணு எப்பவும் நிலத்து மேலதான் இருக்கும். மொபைல் ஹோம்னா ஃபேக்டரில செஞ்சு வண்டில இழுத்துட்டு வந்து நிறுத்தற வீடு; பார்க்ல வீடு ஒருத்தருது, நிலம் இன்னொருத்தருது, அந்த நிலத்துல என்ன பண்ணலாம்னு சொல்றது சிட்டியோ கவுன்ட்டியோ. இதை மனசுல வெச்சுக்கிட்டு கீழ படிங்க.

"ஹூஸ்டனுக்கு வெளிய 20 ஏக்கர் பாத்து வெச்சிருக்கோம் அண்ணா, நாலு ஃப்ரெண்ட்ஸ் சேந்து. சிட்டி லிமிட்டுக்கு வெளிய, ஸோனிங்கே கெடையாது, 60 வீடு போட்டு வாடகைக்கு விடலாம், யாரும் தடுக்க முடியாதுன்னு ஏஜென்ட் சொல்றார். நம்பலாமா?"

பாதிதான் நம்பலாம். டெக்சஸ்ல பெரும்பாலான கவுன்ட்டிக்கு ஸோனிங் அதிகாரம், அதாவது எந்த நிலத்தை எதுக்கு உபயோகிக்கலாம்னு பிரிச்சு வெக்கற அதிகாரம், கெடையாதுங்கறது சரி. ஆனா வாடகைக்கு விடற இந்த மாதிரி பார்க்குக்குன்னே மாநில லோக்கல் கவர்ன்மென்ட் கோட்ல 232.007ன்னு ஒரு பிரிவு இருக்கு. அதும்படி ரோடு, வடிகால், தண்ணி, கழிவுநீர் இதுக்கெல்லாம் பிளான் குடுங்கன்னு கவுன்ட்டி கேக்கலாம், குடுத்தா 60 நாளைக்குள்ள ஆமா இல்லன்னு சொல்லியாகணும், சாதாரண சப்டிவிஷனுக்கு இருக்கறதை விட கடுமையா ரூல் போடக்கூடாது. இதுவரைக்கும் உங்களுக்கு சாதகம்தான்.

உங்க பிராஜெக்ட் மாட்டிக்கிட்டு நிக்கற இடம் கழிவுநீர். பக்கத்துல சீவர் லைன் இல்லன்னா செப்டிக் போடலாம்னு நெனைப்பீங்க, ஆனா டெக்சஸ்ல ஒரு ப்ராப்பர்ட்டிக்கு மொத்தமா ஒரு நாளைக்கு 5,000 காலன் வரைக்கும்தான் செப்டிக் ரூல்ல அனுமதி. ஒரு வீட்டுக்கு 200 காலன்னு ரஃப்பா போட்டாலே 25 வீட்டோட கணக்கு முடிஞ்சு போச்சு, உங்க 60 வீட்டுக்கு 12,000 காலன் வருது. அதுக்கு மேல போனா மாநில சுற்றுச்சூழல் கமிஷன் கிட்ட கழிவுநீர் பெர்மிட் வாங்கணும், அதுக்கு நோட்டீஸ் போடுவாங்க, அக்கம்பக்கத்துல பாதிக்கப்படறவங்க ஹியரிங் கேக்கலாம், வக்கீல் செலவு, இன்ஜினியர் செலவு, மாசக்கணக்கு ஓடிரும். தண்ணியும் அப்படித்தான், சொந்த போர்வெல் போட்டு 15 கனெக்ஷன் குடுத்தாலே நீங்க பப்ளிக் வாட்டர் சிஸ்டம், அதுக்கு தனி டெஸ்டிங் தனி ரெக்கார்டு. அப்புறம் வெள்ளம், ஹூஸ்டன்னா சொல்லவே வேணாம். நிலம் வெள்ள அபாய ஸோன்ல விழுந்து, 50 லாட் இல்ல 5 ஏக்கர், இதுல எது கம்மியோ அதைத் தாண்டினா, தண்ணி எந்த மட்டம் வரைக்கும் ஏறும்ங்கற கணக்கை நீங்கதான் பிளான்லயே காட்டணும், வீடுங்களை உயர்த்தி நிறுத்தி நங்கூரம் மாதிரி கட்டி இறுக்கணும். சிட்டி லிமிட்டுக்கு வெளிய இருந்தாலும் ஏதாவது சிட்டியோட ஈ.டி.ஜே. எல்லைக்குள்ள (லிமிட்டுக்கு வெளியயும் சிட்டிக்கு கொஞ்சம் அதிகாரம் இருக்கற சுத்துப்பகுதி) வருதான்னும் கேளுங்க. ஏஜென்ட் பேச்சு போதாது, அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி கவுன்ட்டி இன்ஜினியர் ஆபீஸ்ல ஒரு மீட்டிங் வாங்குங்க, அநேகமா எல்லா எடத்துலயும் பொறுமையா உக்காந்து சொல்வாங்க.

"1972 மாடல் மொபைல் ஹோம் ரொம்ப சீப்பா வருது, வாங்கி எங்க நிலத்துல வெக்க சிட்டி விடுமா?"

பெரும்பாலும் விடாது. 1976 ஜூன் 15க்கு அப்புறம் தயாரான வீடுதான் ஃபெடரல் ஹட் கோட்ல (இந்த வீடுங்களை எப்படி செய்யணும்னு மத்திய வீட்டுவசதித் துறை போட்ட விதி) வரும், அதுக்கு முன்னாடி வந்ததை நெறைய ஊர்ல புதுசா கொண்டுவந்து நிறுத்த விடறதில்ல. எந்த வீடா இருந்தாலும் டெயில் லைட் இருக்கற பக்கம் போய் பாருங்க, வீட்டோட ஃப்ளோர் மட்டத்துல இருந்து சுமார் ஒரு அடி மேல, 2 இன்ச்சுக்கு 4 இன்ச் அளவுல சிவப்பு அலுமினியத் தகடு ஒண்ணு அடிச்சிருக்கும். ரெண்டு பாகமா வந்த வீடுன்னா ரெண்டுலயும் இருக்கணும். அது இல்லன்னா பேங்க் லோன்ல இருந்து பெர்மிட் வரைக்கும் எல்லாம் இழுக்கும்.

"சன்னிவேல்ல பார்க்குக்குள்ள வீடு வாங்கலாம்னு இருக்கோம், அபார்ட்மென்ட் வாடகைக்கு இது பரவால்ல. ஆனா பார்க்கை மூடிட்டா தெருவுல நிப்போமேன்னு என் வீட்டுக்காரர் பயப்படறார்."

அவர் பயம் நியாயமானது மா. பேர்ல மொபைல் இருக்கே தவிர ஒரு தடவை நிறுத்தி, படிக்கட்டு, கார்போர்ட் எல்லாம் கட்டின வீட்டை பேத்து எடுத்துட்டு போறது பெரிய செலவு, எடுத்தாலும் பே ஏரியால வேற பார்க்ல காலி எடம் கெடைக்கறது குதிரைக்கொம்பு.

கலிஃபோர்னியால பார்க்கை மூடி வேற எதுக்காவது மாத்தணும்னா ஓனர் முதல்ல பாதிப்பு அறிக்கை தயார் பண்ணி சிட்டி முன்னாடி வெக்கணும். 2020ல வந்த ஏபி 2782 சட்டத்துக்கு அப்புறம், வேற பார்க்ல சரியான எடம் கெடைக்காதவங்களுக்கு அந்த வீடு இருக்கற எடத்துலயே என்ன விலை போகுமோ அந்த விலையை குடுக்கணும். இது பெரிய பாதுகாப்பு. ஆனா இதை விட முக்கியமா நான் பாக்கறது ஸோனிங்தான். அந்த நிலம் மொபைல் ஹோம் பார்க்குக்குன்னே தனியா ஸோன் பண்ணிருக்கா, இல்ல வெறும் ரெசிடென்ஷியலோ கமர்ஷியலோவா? தனி ஸோன்னா மாத்தறதுக்கு கவுன்சில் ஓட்டு வேணும், நீங்க போய் மைக் முன்னாடி நின்னு பேசலாம். சான் ஹோசேல கிட்டத்தட்ட 60 பார்க் இருக்கு, அதுல சிலதுக்கு 2020ல ஜெனரல் பிளான்லயே (ஊரோட நீண்டகால நில உபயோகத் திட்டம்) மொபைல் ஹோம் பார்க்னு மாத்தி எழுதினது இதுக்குத்தான், குடியிருக்கறவங்க விடாம கேட்டுக் கேட்டு வாங்கினது.

பாலோ ஆல்ட்டோ ப்யூனா விஸ்டா பார்க் கதையும் தெரிஞ்சுக்கங்க. 2012ல மூடறதா ஓனர் மனு போட்டாங்க, சுமார் 400 பேர் இருந்த எடம், 2015ல கவுன்சிலும் மூட ஒத்துக்கிச்சு. ஜனங்க விடல. கடைசில 2017ல சான்டா கிளாரா கவுன்ட்டி ஹவுசிங் அத்தாரிட்டி கிட்டத்தட்ட 4 கோடி டாலருக்கு பார்க்கையே வாங்கிச்சு, கவுன்ட்டியும் சிட்டியும் பணம் போட்டாங்க. பிள்ளைங்க அதே ஸ்கூல்ல படிச்சாங்க. அரசாங்கம் மனசு வெச்சா முடியும்ங்கறதுக்கு இதை விட நல்ல உதாரணம் எனக்கு தெரியல, ஆனா எல்லா பார்க்குக்கும் இப்படி நடக்கும்னு நம்பி வாங்காதீங்க.

ஸ்பேஸ் ரென்ட், அதாவது வீடு நிக்கற எடத்துக்கு ஓனருக்கு குடுக்கற வாடகை, ஊருக்கு ஊர் வேற. சான் ஹோசேல பழைய பார்க்குகளுக்கு வருஷத்துக்கு ஏத்தறது பணவீக்கத்துல 75%, குறைஞ்சது 3%, அதிகபட்சம் 7%னு ஆர்டினன்ஸ் இருக்கு. உங்க சன்னிவேல்ல அப்படி ஆர்டினன்ஸ் இல்லாம 2021ல சிட்டியும் பார்க் ஓனர்களும் போட்ட ஒப்பந்தம்தான், அதுல உங்க ஓனர் கையெழுத்து போட்டிருக்காரான்னு சிட்டி ஹவுசிங் டிவிஷன்ல கேளுங்க. இதை கேக்காம டோக்கன் குடுக்காதீங்க.

"மினசோட்டால டோர்னேடோ வந்தா பார்க்ல இருக்கறவங்க எங்க போவாங்க?"

அங்க மாநில சட்டமே இருக்கு. பத்து வீடு இல்ல அதுக்கு மேல இருக்கற பார்க், 1988 மார்ச் 1க்கு அப்புறம் லைசென்ஸ் வாங்கினதுன்னா புயல் ஷெல்டர் கட்டியாகணும். அதுக்கு முன்னாடி வந்ததுன்னா பாதுகாப்பான எடமாவது, உள்ளூர் நிர்வாகம் ஒத்துக்கிட்ட வெளியேற்ற பிளானாவது இருக்கணும். பார்க் ஆபீஸ்ல அந்த பேப்பரை கேட்டு வாங்குங்க, ஷெல்டர் சாவி யார்கிட்ட இருக்குன்னும் கேளுங்க.

"மிச்சிகன்ல எங்க சப்டிவிஷனுக்கு பின்னாடி 40 ஏக்கர்ல பார்க் வருதாம். வீட்டு விலை விழுந்துரும்னு எல்லாரும் பெட்டிஷன் போடறோம். டவுன்ஷிப் (உள்ளூர் நிர்வாகம்) ஹியரிங்ல என்ன சொன்னா நிறுத்தலாம்?"

நேராவே சொல்றேன், "அந்த மாதிரி ஆளுங்க வருவாங்க"ன்னு பேசறதா இருந்தா தயவு செஞ்சு பேசாதீங்க. தப்புங்கறது ஒரு பக்கம், சட்டத்துலயும் நிக்காது. உங்க மாநில சுப்ரீம் கோர்ட் 1981லயே ராபின்சன் டவுன்ஷிப் வழக்குல, பார்க்குக்கு வெளிய எங்கயுமே மொபைல் ஹோம் கூடாதுன்னு மொத்தமா தள்ளி வெக்கறது செல்லாதுன்னு சொல்லிருச்சு. தேவை இருக்கற ஒரு நில உபயோகத்தை டவுன்ஷிப் முழுக்க தடை பண்ணவும் மிச்சிகன் ஸோனிங் சட்டம் விடாது. அங்க வரப்போறவங்க உங்க பிள்ளைங்க ஸ்கூல் பஸ் ஓட்டறவங்களாவும், ஆஸ்பத்திரில நர்ஸிங் உதவியாளராவும் இருப்பாங்க, அவங்களுக்கும் வீடு வேணும்.

கேக்க வேண்டிய நியாயமான கேள்வி எவ்வளவோ இருக்கு. ரெண்டாவது வழி இருக்கா, தீயணைப்பு வண்டி திரும்ப முடியுமா, மழைத்தண்ணி உங்க பக்கம் வடியுமா, எல்லைல மரம் வெப்பாங்களா. இதை ரீஸோனிங் ஸ்டேஜ்லயே கேளுங்க, ஏன்னா அங்கதான் டவுன்ஷிப்புக்கு கை இருக்கு. ஸோன் குடுத்துட்டா அப்புறம் மாநில விதிதான் ஆளும், அதை விட கடுமையா டவுன்ஷிப் ஏதாவது கேக்கணும்னா மாநில கமிஷன் ஒத்துக்கணும்.

"ஒரு இன்வெஸ்ட்மென்ட் க்ரூப் பார்க் வாங்கி வாடகை ஏத்தறாங்களாம், 'குடியிருக்கறவங்க வீட்டை நகர்த்த முடியாது, அதனால போக மாட்டாங்க'ன்னு ஸ்லைட்ல போட்டிருக்காங்க. 50,000 டாலர் போடலாமா?"

அந்த ஒரு வரி போதும், நான் போட மாட்டேன். மனசாட்சியை விடுங்க, ரிஸ்க்காவே பாருங்க. போக முடியாத ஜனங்க கிட்ட வாடகை ஏத்தினா அவங்க போற எடம் சிட்டி கவுன்சில்தான். கலிஃபோர்னியால எஸ்கோண்டிடோ சிட்டியோட பார்க் வாடகை கட்டுப்பாட்டை எதிர்த்து ஓனர்கள் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1992ல தோத்தாங்க, வாடகைக்கு வரம்பு போட்டதனாலயே நிலத்தை பிடுங்கினதா ஆகாதுன்னு தீர்ப்பு. வாஷிங்டன் மாநிலத்துல டம்வாட்டர் சிட்டி பார்க் நிலத்தை பார்க்காவே வெக்கணும்னு ஸோன் பண்ணினதையும் 2012ல ஃபெடரல் அப்பீல் கோர்ட் ஒத்துக்கிச்சு. உங்க ஸ்லைட்ல இருக்கற லாபக் கணக்கு ஒரு செவ்வாய்க்கிழமை கவுன்சில் ஓட்டுல மாறிரும்.

பார்க்ல பணம் போட்டே ஆகணும்னா குடியிருக்கறவங்களே சேந்து வாங்கற கோஆப் பக்கம் பாருங்க. நியூ ஹாம்ப்ஷயர்ல மெரெடித் ஊர்ல 1984ல முதல் பார்க் அப்படி கைமாறிச்சு, இன்னிக்கு அந்த மாநிலத்துல பார்க்கை விக்கறதுக்கு முன்னாடி குடியிருக்கறவங்களுக்கு 60 நாள் நோட்டீஸ் குடுத்தாகணும். அவங்களுக்கு கடன் குடுக்கற சமூக நிதி அமைப்புங்கள்ல தனி ஆளும் பணம் போடலாம். வட்டி கம்மிதான், ஆனா அந்த வட்டி யாரோட வாடகைல இருந்து எப்படி வருதுன்னு உங்களுக்கு தெளிவா தெரியும்.