போர்டோடு போன விண்டோஸ்

ஐப்பசி இடி இந்த முறை கம்ப்யூட்டர்களைத்தான் தேடிப் பிடித்து அடித்தது போலிருக்கிறது. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதி: மதர்போர்டு (எல்லா பாகமும் சொருகும் தாய்ப்பலகை) போச்சு, வேறு போட்டேன், விண்டோஸ் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. எனவே மிக்சி, மெத்தை, இன்வெர்ட்டர்காரர்கள் அடுத்த முறை வரை பொறுத்துக்கொள்ளவும். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். கடைக்காரர்களைத் திட்டிய வரிகளையும் வெட்டிவிட்டேன். சில நன்றாகவே இருந்தன.

கடையில் அசெம்பிள் செய்து வாங்கிய டெஸ்க்டாப். இடி வெட்டிய அன்று இன்டர்நெட் கேபிள் வழியாகக் கரண்டு இறங்கி போர்டு கருகிவிட்டது. விண்டோஸும் கோப்புகளும் இருக்கும் பழைய எஸ்எஸ்டியை அப்படியே மாட்டிப் புதுப் போர்டு போட்டுக் கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் ஓடுகிறது, ஆனால் மூலையில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்று நிற்கிறது. புது கீ (விண்டோஸ் லைசென்ஸ் எண்) வாங்கியே ஆகவேண்டும் என்கிறார் கடைக்காரர். உண்மையா? — தக்கலை

பாதி உண்மை. ராம், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு மாற்றினால் விண்டோஸ் பொதுவாகக் கண்டுகொள்ளாது. போர்டை மாற்றினால்தான் இது வேறு கம்ப்யூட்டர் என்று முடிவு கட்டும். திரையில் வரும் பிழை எண் 'எப்211' என்று முடிந்தால் அதற்கு அர்த்தமே 'வன்பொருள் மாறியிருக்கிறது' என்பதுதான்.

நீங்கள் வாங்கியது தனியாக விற்கும் ரீடெய்ல் லைசென்ஸா, கம்ப்யூட்டரோடு சேர்த்து விற்கும் ஓஇஎம் லைசென்ஸா என்று முதலில் பாருங்கள். ரீடெய்ல் உங்களோடு வரும். பழைய கம்ப்யூட்டரை விட்டு எழுந்து புதியதில் உட்காரும், ஒரு நேரத்தில் ஒன்றில் மட்டும். ஓஇஎம் போர்டோடு பிறந்தது, போர்டோடு சுடுகாட்டுக்குப் போகும். பில்லில் எழுதியிருக்காவிட்டால் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து, ஆங்கிலத்தில் எஸ்எல்எம்ஜிஆர் என்று அடித்து, ஓர் இடம் விட்டு, சாய்கோடு போட்டு, டிஎல்ஐ என்று அடியுங்கள். சிறு பெட்டி ஒன்று வரும். அதில் ரீடெய்ல், ஓஇஎம், வால்யூம் (நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுப்பது) என்ற மூன்றில் ஒரு சொல் இருக்கும்.

ரீடெய்ல் என்று வந்தால், பழைய போர்டில் எந்த மைக்ரோசாப்ட் கணக்கில் இருந்தீர்களோ அதே கணக்கில் நுழையுங்கள். செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன், ட்ரபுள்ஷூட் என்று போனால் 'சமீபத்தில் இந்தக் கருவியின் வன்பொருளை மாற்றினேன்' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதை அழுத்தினால் உங்கள் பெயரிலுள்ள கம்ப்யூட்டர்களின் பட்டியல் வரும். பழையதன் பெயரைத் தேர்ந்தெடுத்து, இப்போது நான் உட்கார்ந்திருப்பது இதில்தான் என்று டிக் போட்டு, ஆக்டிவேட் கொடுங்கள். இந்த வசதி 2016 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்தே உண்டு. கடைக்காரருக்குத் தெரியாமலிருக்க வழியில்லை.

ஒரு கொக்கி இருக்கிறது. போர்டு சாவதற்கு முன்பே லைசென்ஸை அந்தக் கணக்கோடு இணைத்திருக்க வேண்டும். இணைக்கவில்லை என்றால் 25 எழுத்து கீயைத் திரும்ப அடித்துப் பாருங்கள். அதுவும் எடுபடாவிட்டால் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு மைக்ரோசாப்ட் உதவிப் பிரிவிடம் பேசுங்கள். இதைப் படிக்கும் மற்றவர்கள் இப்போதே எழுந்து போய் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து, டிஜிட்டல் லைசென்ஸ் மைக்ரோசாப்ட் கணக்கோடு இணைந்திருப்பதாக எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரவும். சாயா ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

ஆன்லைனில் 499 ரூபாய்க்கு விண்டோஸ் 11 ப்ரோ கீ வாங்கினேன். நாலு மாதம் ஓடியது. போர்டு மாற்றியதும் கீ முடக்கப்பட்டுவிட்டதாகச் சொல்கிறது. விற்றவன் போனை எடுக்கவில்லை. — மார்த்தாண்டம்

எடுக்க மாட்டான் தம்பி. மட்டிப்பழக் குலையே அந்த விலைக்குப் பேரம் பேசித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. கடையில் ஆயிரக்கணக்கில் விற்கும் லைசென்ஸ் 499-க்கு எங்கிருந்து வரும்? ஏதோ ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாகக் கொடுத்த வால்யூம் கீயைப் பலபேருக்குப் பிய்த்து விற்கிறார்கள், அல்லது பழைய கம்ப்யூட்டர்களில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி எடுக்கிறார்கள். மைக்ரோசாப்ட் கண்டுபிடித்து முடக்கும்வரை ஓடும்.

உங்களைத் திட்டும் யோக்கியதை எனக்கு முழுதாக இல்லை. சில வருடங்களுக்கு முன் நானும் 899 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். வாட்ஸ்அப்பில் 25 எழுத்து வந்தது, கூடவே கைகூப்பும் படம். அடுத்த இடவப்பாதி மழையில் போர்டு போனது, கீயும் போனது, அந்த எண்ணின் முகப்புப் படமும் போனது. என் வீட்டுக்காரி இன்றும் யாராவது மலிவு விலை சொன்னால் 'கைகூப்பு வந்துச்சா?' என்று கேட்கிறாள். பணம் கட்டிய ரசீதையும் பேச்சையும் படம் பிடித்து வைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் சொல்லுங்கள். பணம் திரும்பும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

மகள் நர்சிங் படிக்கிறாள். அவள் லேப்டாப் மெதுவாக இருக்கிறது என்று எஸ்எஸ்டி போடக் கொடுத்தேன். எஸ்எஸ்டிக்குத் தனி, 'விண்டோஸ் லைசென்ஸ்' என்று 2,000 ரூபாய் தனி. இப்போது ஆன்டிவைரஸ் ஆன் செய்தால் ஏதோ பைலைப் பிடித்துக் கத்துகிறது. ஆன் செய்யாதீர்கள் என்கிறார் கடைக்காரர். நான் ஏமாந்துவிட்டேனா சார்? — கருங்கல்

ஏமாற்றியிருக்கிறார்கள் அம்மா. ஏமாந்தது உங்கள் குற்றமில்லை.

விண்டோஸோடு வந்த லேப்டாப் என்றால் அதன் லைசென்ஸ் கீ மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். விண்டோஸ் 8 காலத்திலிருந்து பெரிய கம்பெனிகளின் வழக்கம் அது. எஸ்எஸ்டி மாற்றி விண்டோஸைப் புதிதாக ஏற்றினால், இன்ஸ்டால் செய்யும் நிரலே போர்டிலிருந்து கீயைப் படித்து, இன்டர்நெட் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். ஏற்றிக் கொடுத்ததற்குக் கூலி கேட்கலாம், அது நியாயம். லைசென்ஸுக்கு ஒரு பைசா கேட்கக்கூடாது.

ஆக்டிவேஷன் பக்கத்தில் 'ப்ரோ' என்று இருக்கிறதா பாருங்கள். நம் ஊரில் விற்கும் லேப்டாப்புகளில் அதிகமும் 'ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்'தான். அதன்மேல் ப்ரோவை ஏற்றி, லைசென்ஸ் இல்லாமலே ஓடவைக்கும் கிராக் என்ற திருட்டு நிரலைப் போட்டு ஓடவிட்டிருப்பார்கள். ஆன்டிவைரஸ் கத்துவது அந்தக் கிராக்கைப் பார்த்துத்தான். அது கத்துவது சரி. கடைக்காரர் சொல்வதுதான் தப்பு. அந்த லேப்டாப்பில் மகள் பேங்க் வேலை எதுவும் செய்ய வேண்டாம்.

மகளின் பாடக் கோப்புகளை வேறிடத்தில் நகல் எடுத்துவிட்டு, கடைக்காரரிடம் போய் இரண்டே வரி சொல்லுங்கள்: வந்தபோது இருந்த ஹோம் பதிப்பையே ஏற்றித் தாருங்கள், 2,000 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். மறுத்தால் எழுத்தில் கேளுங்கள், அப்புறம் 1915. வேறு யாரையாவது வைத்து ஏற்றுவதானாலும் 8 ஜிபி பென்டிரைவும் மைக்ரோசாப்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் மீடியா கிரியேஷன் டூலும் போதும்.

வாரன்டியில் சர்வீஸ் சென்டரில் போர்டு மாற்றிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து ஆன் செய்தால் நீலத் திரை வந்து 48 இலக்க எண் கேட்கிறது. அப்படி ஒன்று நான் வைக்கவே இல்லையே! — குழித்துறை

நீங்கள் வைக்கவில்லை, விண்டோஸ் தானாக வைத்துக்கொண்டது. அது கோப்புகளைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டி வைக்கும் பிட்லாக்கர் பூட்டு. மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து விண்டோஸ் 11-ஐத் தொடங்கிய லேப்டாப்புகள் பலவற்றில் இந்தப் பூட்டு தானாக விழுந்துவிடும். சாவி பழைய போர்டில் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லில் இருந்தது. போர்டு மாறியதும் மாற்றுச் சாவியைக் கேட்கிறது. போனில் அதே மைக்ரோசாப்ட் கணக்கைத் திறந்து, கருவிகள் பகுதியில் பிட்லாக்கர் ரெகவரி கீயைத் தேடுங்கள். பெரும்பாலும் அங்கே இருக்கும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் கல்யாணப் படங்களை யாராலும் மீட்க முடியாது, மைக்ரோசாப்டாலும். ரெகவரி செய்து தருகிறேன் என்று 10,000 கேட்பவரிடம் லேப்டாப்பை விட்டுவிட்டு வராதீர்கள்.

ஆக்டிவேஷன் தகராறும் வந்தால் சர்வீஸ் சென்டருக்கே திரும்பிப் போங்கள். பழுதான போர்டைக் கம்பெனியே மாற்றிக் கொடுத்தால் புது லைசென்ஸ் வாங்கத் தேவையில்லை, அது மைக்ரோசாப்டின் விதி.

துபாயிலிருந்து மாமா கொண்டுவந்த லேப்டாப்பில் விண்டோஸை அழித்துத் திரும்பப் போட்டால் இந்தியாவில் ஆக்டிவேட் ஆகுமா? — அருமனை

ஆகும். வாரன்டி இங்கே செல்லுமா என்று மாமாவிடம் கேளுங்கள்.

போர்டு 6,500 ரூபாய். பில் போட்டால் 18 சதவீதம் சேரும், எதற்கு வீண் செலவு என்றார்; சரி என்று துண்டுச்சீட்டோடு வந்துவிட்டேன். ஏழு மாதத்தில் போர்டு அவுட். இப்போது 'இது நம்ம கடைச் சரக்கே இல்லை' என்கிறார். — நாகர்கோவில்

1,170 ரூபாய் மிச்சம் பிடித்து 6,500-ஐத் தொலைத்திருக்கிறீர்கள். கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய அந்தச் சீட்டின் படத்தைப் பார்த்தேன். தினக்காலண்டர் தாளைக் கிழித்து அதன் முதுகில் எழுதியிருக்கிறார். 'எம்பி 1, 6500', ஒரு டிக், ஒரு கிறுக்கல். அந்தப் பக்கம் ராகுகாலம், குளிகை எல்லாம் அச்சாகியிருக்கிறது. இந்தப் பக்கம் கடைப் பெயர் இல்லை, சீரியல் எண் இல்லை, தேதி இல்லை. தேதி வேண்டுமென்றால் திருப்பித்தான் பார்க்க வேண்டும்.

இந்தத் துண்டுச்சீட்டு விஷயத்தில் எனக்குப் பொறுமை கிடையாது என்பது தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். கொத்தமல்லிக் கட்டுக்குப் பில் கேட்கச் சொல்லவில்லை. ஆனால் போர்டுக்குப் பெரும்பாலும் 3 வருட வாரன்டி உண்டு, அதைத் தருவது கம்பெனி, கம்பெனி கேட்பது சீரியல் எண்ணும் பில்லும். பில்லே இல்லாத சரக்குக்குக் கடைக்காரர் வாய்மொழியாகச் சொல்லும் 'நான் பார்த்துக்கிறேன்' ஒன்றுதான் வாரன்டி. விண்டோஸுக்கும் இதே கதைதான். ரீடெய்ல் லைசென்ஸுக்குக் காசு வாங்கிக்கொண்டு ஓஇஎம்மைப் போட்டுத் தந்தால் எதை வைத்து நிரூபிப்பீர்கள்? பில்லில் போர்டின் சீரியல் எண் ஒரு வரியாகவும், 'விண்டோஸ் 11 ஹோம், ரீடெய்ல்' என்று இன்னொரு வரியாகவும் இருக்க வேண்டும். 'கம்ப்யூட்டர் 1 செட்' என்று ஒற்றை வரியில் முடிக்கும் பில்லும் துண்டுச்சீட்டின் அண்ணன்தான்.

இன்னொன்று. பில் தருவது கடைக்காரர் காட்டும் தயவு என்று பலர் நினைக்கிறார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி விற்ற பொருளுக்குப் பில் தராமலிருப்பதே முறையற்ற வணிகம். தராவிட்டால் அதையே புகாராக எழுதலாம். அதற்கு நாகர்கோவிலிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்று இந்தச் சட்டம் சொல்கிறது, எனவே ஆன்லைனில் வாங்கிவிட்டுப் பெங்களூருக்கு அலைய வேண்டாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஜிபேயில் பணம் அனுப்பியிருந்தால் அது ஆதாரம். 'போர்டு வந்துடுச்சா அண்ணே' என்று நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப்பும் அவர் போட்ட கட்டைவிரலும் ஆதாரம். ரொக்கமாகக் கொடுத்திருந்தால்... காலண்டர் தாளைப் பத்திரமாக வையுங்கள், வேறென்ன சொல்ல.

கடையில் டாலி கணக்கு மென்பொருள் ஓடும் கம்ப்யூட்டர். போர்டு மாற்றப்போகிறோம், கையோடு பார்மட்டும் அடித்துவிடலாம் என்கிறார் பையன். அடிக்கலாமா? — திங்கள்சந்தை

இரண்டு வேலை முடியும்வரை பையனைக் கீபோர்டிடம் விடாதீர்கள். டாலியின் டேட்டா போல்டரை பென்டிரைவில் நகல் எடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். 'எடுத்தாச்சு' என்று வாயால் சொன்னால் போதாது. அடுத்து டாலிக்குள்ளேயே லைசென்ஸ் பகுதியில் 'சரண்டர்' கொடுத்து, லைசென்ஸை இந்தக் கம்ப்யூட்டரிலிருந்து விடுவியுங்கள். புதுப் போர்டு வந்தபிறகு அதே சீரியல் எண்ணில் திரும்ப ஆக்டிவேட் செய்துகொள்ளலாம். சரண்டர் செய்யாமல் பார்மட் அடித்தால் ஜிஎஸ்டி தாக்கல் நாளன்று கஸ்டமர் கேரின் காத்திருப்பு இசையைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

2016-இல் வாங்கிய கம்ப்யூட்டர், விண்டோஸ் 10. அதே மாடல் பழைய போர்டு 3,500 ரூபாய்க்கு வருகிறது. போடலாமா? — கொட்டாரம்

வேண்டாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. அந்தக் காலத்து ப்ராசசரில் விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்ற முடியாது. தட்டச்சும் இன்டர்நெட்டும்தான் வேலை என்றால், அந்த 3,500-ஐப் புதுக் கம்ப்யூட்டருக்கு உண்டியலில் போடுங்கள்.

மூலையில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்று இருந்தால் கம்ப்யூட்டர் நின்றுவிடுமா? — வெள்ளிச்சந்தை

நிற்காது. வால்பேப்பர் மாற்ற விடாது, அவ்வளவுதான். அதற்காகச் சும்மா ஓட்டிக்கொண்டே இருக்கலாம் என்று நான் சொன்னதாக எழுதிவிடாதீர்கள்.

லேப்டாப் போர்டு போய்விட்டது. அதே மாடலின் பழைய போர்டு ஒன்றைக் கடைக்காரர் காட்டுகிறார். விண்டோஸ் என்ன ஆகும்? வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? — முட்டம்

விண்டோஸ் கவலை இங்கே குறைவு. அந்தப் போர்டு விண்டோஸோடு விற்ற லேப்டாப்பிலிருந்து வந்ததென்றால் அதன் கீ அதிலேயே இருக்கும். அதே பதிப்பை ஏற்றினால் பெரும்பாலும் ஆக்டிவேட் ஆகிவிடும். கடையிலேயே உங்கள் லேப்டாப்பில் மாட்டி ஏற்றச் சொல்லி, ஆக்டிவேஷன் பக்கத்தைக் கண்ணால் பார்த்தபிறகு காசை எடுங்கள். ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்பே ஓடும் பயோஸ் நிரலில் பாஸ்வேர்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

உங்கள் ஊரில் பார்க்க வேண்டியது உப்பு. கடற்கரை வீட்டில் நாலு வருடம் இருந்த போர்டு வெளியே பளபளப்பாகத் துடைத்து வரும். போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து ராம் சொருகும் இடத்தின் ஓரம், சார்ஜர் முனையின் அடிப்பக்கம், திருகு ஓட்டைகளைச் சுற்றி உள்ள செம்பு வளையம், மூன்றையும் பாருங்கள். பச்சையாகப் பூத்திருந்தாலும் வெள்ளைப் பொடி இருந்தாலும் வேண்டாம். டூத் பிரஷ்ஷால் தேய்த்த கோடு தெரிந்தால் கண்டிப்பாக வேண்டாம்.