குட்டி பந்து மாதிரி இருக்கு, ஆனா காலையில தள்ளாடுது: தீனியைக் குறைக்கணுமா, கூட்டணுமா?

கேள்வி: வணக்கம் சார். எங்களுக்கு ஆடு மாடுதான் பழக்கம், நாய்க்குட்டி இதான் முதல் தடவ. பொமரேனியன்னு சொல்லிக் குடுத்தாங்க. இப்ப மூணரை மாசம், எடை 2 கிலோ. தட்டுல பப்பி ஃபுட் எப்பவும் இருக்கும், அது இஷ்டத்துக்கு தின்னுக்கும். நடுவுல பசங்க ஆளுக்கு ரெண்டு மூணு பிஸ்கட் போடுவாங்க. வயிறு உருண்டையா இருக்குன்னு பக்கத்து வீட்டுக்காரர் தீனியைக் குறைக்கச் சொன்னார், சரின்னு சாயங்காலத்தோட தட்டை எடுத்து வச்சிட்டோம். மூணாம் நாள் காலையில எழுந்ததும் கால் தள்ளாடி உடம்பு நடுங்குச்சு, பால் வச்சதும் சரியாயிடுச்சு. இப்ப குறைக்கறதா கூட்டறதா?

பதில்: வணக்கம். முதல்ல அந்த காலைத் தள்ளாட்டத்தப் பேசிடுவோம், குண்டு ஒல்லி கதையெல்லாம் அப்புறம்.

நீங்க சொல்றதப் பார்த்தா ரத்தத்துல சர்க்கரை இறங்கின மாதிரிதான் தெரியுது. சின்ன இனக் குட்டிக்கு ஈரல்ல சேத்து வைக்கிற சர்க்கரை ரொம்பக் கம்மி, உடம்பு சின்னதுங்கறதால சூடும் சீக்கிரம் வெளிய போயிடும், அதை ஈடுகட்ட எந்நேரமும் எரிச்சுக்கிட்டே இருக்கணும், அதனால நாலு மாசத்துக்குள்ள இருக்கற குட்டி ராத்திரி பூரா வெறும் வயித்தோட கிடந்தா விடியக்காலையில தள்ளாடும், சுருண்டு படுக்கும், சிலதுக்கு வலிப்பே வந்துடும். மாடு ஒரு வேளை தீனி தப்பினாலும் வயித்துல கிடக்கறத அசைபோட்டு ஓட்டிடும், இதுக்கு அந்த வசதி கிடையாது. ராத்திரி தீனியை இன்னைக்கே திரும்ப ஆரம்பிங்க, நீங்க தூங்கப் போறதுக்கு முன்னாடி ஒரு வேளை, காலையில எழுந்ததும் முதல் வேலையா ஒரு வேளை. மறுபடி தள்ளாடினா தேனோ கெட்டியா கரைச்ச சர்க்கரைத் தண்ணியோ விரல்ல தொட்டு ஈறுல தடவுங்க, மயங்கிக் கிடக்கும்போது வாயில எதையும் ஊத்தாதீங்க, நுரையீரலுக்குப் போயிடும். துணியில சுத்தி சூடா வச்சுக்கிட்டு உடனே டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடுங்க. எழுந்து ஓட ஆரம்பிச்சிடுச்சேன்னு வீட்டுலயே உக்காந்துடக் கூடாது. இப்ப நடந்ததுக்கும் ஒரு தடவ காட்டிடுறது நல்லது, வயித்துப் பூச்சி, பார்வோங்கற வைரஸ் நோய், பிறவியிலயே வர்ற ஈரல் ரத்தக்குழாய்க் கோளாறு, எது இருந்தாலும் இதே மாதிரி காட்டலாம்.

இப்ப குண்டா இல்லையாங்கறது. கண்ணை நம்பாதீங்க. இந்த இனத்துக்கு முடி அடர்த்தி, உள்ள எலும்பும் தோலுமா இருந்தாக்கூட வெளிய பந்து மாதிரிதான் தெரியும். ஆடு வாங்கப் போனா நீங்க என்ன பண்ணுவீங்க, முதுகெலும்புல கை வச்சு அழுத்திப் பாப்பீங்கல்ல, அதேதான் இங்கயும். உங்க கையை மேஜைமேல விரிச்சு வச்சு இன்னொரு கை விரலால புறங்கையைத் தடவிப் பாருங்க, எலும்பு தட்டுப்படும் ஆனா மேல மெல்லிசா ஒரு சதை இருக்கும், குட்டியோட விலாவைத் தடவும்போது அப்படி இருந்தா சரியான எடை. கையை முஷ்டியா மடக்கினா முட்டி துருத்திக்கிட்டு நிக்கும்ல, விலா அப்படி இருந்தா ஒல்லி. உள்ளங்கைப் பக்கம் தடவுற மாதிரி அழுத்தித் தேட வேண்டியிருந்தா குண்டு. மேலேர்ந்து பாக்கும்போது விலாவுக்குப் பின்னாடி இடுப்பு லேசா உள்ள வாங்கியிருக்கணும், முடி மறைச்சா குளிப்பாட்டும்போது பாருங்க, நனைஞ்சதும் உண்மை தெரிஞ்சிடும். டாக்டருங்க இதுக்கு 1லேர்ந்து 9 வரைக்கும் மார்க் போடுவாங்க, 4ம் 5ம் நல்ல உடம்பு.

விலா கைக்குத் துருத்துது ஆனா வயிறு மட்டும் உருண்டையா இருக்குன்னா அது கொழுப்பு இல்ல, பெரும்பாலும் குடல்புழு. தாய் வயித்துல இருக்கும்போதே குட்டிக்கு இறங்கிடும் அது. 8 வாரம் வரைக்கும் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ, அப்புறம் 6 மாசம் வரைக்கும் மாசம் ஒரு தடவ பூச்சி மருந்து போகணும், அளவு எடையைப் பொறுத்தது. நீங்க குடுத்தீங்களா இல்லையான்னு எழுதவே இல்ல, ஆட்டுக்கு வாங்கி வச்ச மருந்துல கொஞ்சம் ஊத்தற வேலை மட்டும் வேண்டாம். தயவு செஞ்சு.

அளவுக்கு வருவோம். எடையை வச்சு ஒரு கணக்கு இருக்கு, அது போட்டா 2 கிலோ குட்டி சும்மா படுத்துக் கிடக்கவே ஒரு நாளைக்கு 118 கலோரி வேணும். வளர்ற வயசுங்கறதால நாலு மாசம் வரைக்கும் அதுல மூணு மடங்கு, அதாவது 350 சொச்சம், நாலு மாசத்துக்கு மேல ரெண்டு மடங்கு போதும். இது ஆரம்பக் கணக்குதான், ஓடியாடற குட்டிக்குக் கொஞ்சம் கூடும், சோம்பேறிக்குக் குறையும், கடைசித் தீர்ப்பு உங்க விரல்லதான். உங்க பையில 100 கிராமுக்கு எத்தனை கலோரின்னு போட்டிருக்கும், 380ன்னு வச்சுக்குவோம், அப்ப இன்னைக்கு மொத்தம் 90 கிராம் சுமார், நாலு வேளையா பிரிச்சா வேளைக்கு 22, 23 கிராம். ஒரு கைப்பிடின்னு அள்ளிப் போடாதீங்க, உங்க பிடி வேற உங்க பையன் பிடி வேற. சமையல் தராசுல நிறுத்துப் போடுங்க, ரெண்டு கிலோ குட்டிக்கு பத்து கிராம் தப்புங்கறது சின்ன தப்பு இல்ல. பையில இருக்கற அட்டவணையைப் பாக்கறவங்க ஒண்ணு கவனிங்க, பல பைகள்ல குட்டி வளர்ந்தபிறகு வரப்போற எடையை வச்சுத்தான் அளவு போட்டிருப்பாங்க, இன்னைக்கு எடைன்னு நினைச்சுப் படிச்சா மொத்தமும் தப்பாயிடும்.

எந்நேரமும் தட்டை ரொப்பி வைக்கறத நிறுத்திடுங்க. குட்டி எவ்ளோ தின்னுச்சுன்னு உங்களுக்கே தெரியாது, ஒரு நாள் சாப்பாட்டை ஒதுக்கினாலும் தெரியாது, சின்ன இனத்துல அதான் முதல் எச்சரிக்கை. வச்சா 15, 20 நிமிஷம், மிச்சத்தை எடுத்துடுங்க. தண்ணி மட்டும் எப்பவும் இருக்கட்டும். ஆறு மாசம் வரைக்கும் மூணு வேளைக்குக் கீழ இறங்காதீங்க, அப்புறம் ரெண்டு போதும், அதுவரைக்கும் நாலுலேர்ந்து மூணுக்கு மாறும்போதும் ராத்திரி வேளையை வெட்டாம மத்தியானத்துல வெட்டுங்க.

பிஸ்கட்டுக்கு வர்றேன், உங்க வீட்டு வில்லனே அதுதான். ஒரு இனிப்பு பிஸ்கட் சுமாரா 30 கலோரி, பசங்க ரெண்டு பேர் ஆளுக்கு மூணு போட்டா 180, குட்டியோட ஒரு நாள் தேவையில பாதி அங்கயே போச்சு, நாம ஒரு நாள் சாப்பாட்டுல பாதியை பிஸ்கட்டா தின்ன கணக்கு. அதுல மாவும் சர்க்கரையும்தான், வளர்ச்சிக்கு ஒண்ணும் இல்ல. நொறுக்குத்தீனி எல்லாம் சேர்ந்து ஒரு நாள் கலோரியில பத்துல ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, உங்களுதுக்கு 35 கலோரி, ஒரே ஒரு பிஸ்கட்! பசங்ககிட்ட போடாதேன்னா கேக்க மாட்டாங்க, நானும் சொல்லிப் பார்த்தவன்தான். காலையில நிறுக்கற 90 கிராம்லேர்ந்து பத்து கிராமை ஒரு டப்பாவுல போட்டு பசங்ககிட்ட குடுத்துடுங்க, குட்டி உக்காந்தா ஒண்ணு, கூப்பிட்டு வந்தா ஒண்ணு. குட்டிக்குத் தேவை கையால குடுக்கற அந்த சந்தோஷம்தான், பிஸ்கட் இல்ல. சாக்லேட், திராட்சை, கிஸ்மிஸ், வெங்காயம், சைலிட்டால்ங்கற சர்க்கரைக்குப் பதிலான இனிப்பு போட்ட சூயிங்கம் இதெல்லாம் நாய்க்கு விஷம், ரெண்டு கிலோ உடம்புக்கு கொஞ்சமே போதும்.

பால் அவசரத்துக்கு அன்னைக்குக் காப்பாத்துச்சு, சரி, தினமும் வேண்டாம், பால்குடி மறந்த குட்டிக்கு அது செரிக்கற சக்தி குறைஞ்சுக்கிட்டே வரும், கழிச்சல் போகும். சோறு மட்டும் போட்டா எடை ஏறும், சதை ஏறாது. எலும்பில்லாத கறி மட்டும் போட்டா சுண்ணாம்புச்சத்து போதாது. முழு பப்பி ஃபுட் தின்ற குட்டிக்கு மேல கால்சியம் டானிக்கும் தேவையில்ல. வேற தீனிக்கு மாத்தறதா இருந்தா ஏழு பத்து நாள் எடுத்துக்கிட்டு பழசுல புதுசைக் கலந்து கலந்து மாத்துங்க.

வாரம் ஒரே நாள், ஒரே நேரம், சாப்பிடறதுக்கு முன்னாடி எடை போட்டு எழுதி வைங்க. குட்டியை டப்பாவுல உக்கார வச்சு அதே சமையல் தராசுல போட்டாப் போதும். இந்த வயசுல எடை ஏறிக்கிட்டே இருக்கணும், ஒரு வாரம் அப்படியே நின்னாலோ இறங்கினாலோ காத்திருக்காம டாக்டரைப் பாருங்க. விலா ரெண்டு வாரத்துல கைக்கு மறைஞ்சுக்கிட்டே வந்தா நாள் அளவுல பத்து சதம் மட்டும் குறைங்க, வேளையைக் குறைக்காதீங்க. வளர்ற குட்டியை இளைக்க வைக்க வேண்டியதில்ல, எடை ஏறற வேகத்தைக் கொஞ்சம் பிடிச்சா உடம்பு தானா நீண்டு சரியாயிடும். ஆனா குண்டாவே வளர விட்டீங்கன்னா இந்த சின்ன இனங்களுக்கு முழங்கால் சில்லு நழுவுற தொந்தரவும், மூச்சுக்குழாய் சுருங்கி வாத்து கத்தற மாதிரி வர்ற இருமலும் மோசமாகும்.

எட்டு பத்து மாசத்துல இது முழு வளர்ச்சிக்கு வந்துடும், அப்ப பப்பி ஃபுட்டை விட்டு வளர்ந்த நாய்க்கான தீனிக்கு மாறிடுங்க. நடுவுல கருத்தடை ஆபரேஷன் பண்ணினா அந்த வாரத்துலேர்ந்தே நாள் அளவுல கால்வாசியைக் குறைச்சு, அப்புறம் விலாவைத் தடவிப் பார்த்துப் பார்த்து சரி பண்ணிக்கங்க. இப்போதைக்கு பூச்சி மருந்து கடைசியா எப்ப போச்சுன்னும், நனைஞ்ச குட்டியோட விலா கைக்கு எப்படி இருக்குன்னும் எழுதுங்க.